தொலைவழி மறுவாழ்வுச் சிகிச்சை: பக்கவாத மீட்சியின் வரலாறு

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர் மருத்துவமனைக்குச் செல்லாமல் தம் வீட்டிலிருந்தே தொலைபேசி, காணொலி அழைப்பு, கணினி, கைபேசிச் செயலி போன்றவற்றின் வழியாக உடலியக்கப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் பெறுவது தொலைவழி மறுவாழ்வுச் சிகிச்சை எனப்படுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் ஏற்படுகிறது. உயிர் பிழைப்பவர்களில் பலருக்கு ஒரு பக்கக் கை, கால் செயலிழந்துவிடுகிறது. சிலருக்குப் பேச்சு போய்விடுகிறது. பேச்சு வழக்கில் பாரிசவாயு, வாதம் அடித்துவிட்டது என்றெல்லாம் சொல்லப்படுவது இந்நோயே.

2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலத்தில்தான் இச்சிகிச்சை பலருக்கும் அறிமுகமானது. அதனால் இது இணையத்தின் விளைவாக நேற்றுப் பிறந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் தொலைக்காட்சி வழியே நோயாளியைப் பார்க்கும் தொழில்நுட்பம் 1960களிலேயே இருந்தது. ஆயினும் பக்கவாத நோயாளியின் கைக்கு அதன் வழியே பயிற்சி தரலாம் என்று யாரும் அன்று எண்ணவில்லை. அதற்கு முதலில் வேறொரு மாற்றம் நிகழவேண்டியிருந்தது. நோயாளியைக் குணப்படுத்துவது சிகிச்சையாளரின் கை என்ற நம்பிக்கை தளர்ந்து, நோயாளி எத்தனை முறை தம் கையை அசைக்கிறார் என்பதே முக்கியம் என்ற எண்ணம் வேரூன்ற வேண்டியிருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

மூளை மாறாது என்ற நம்பிக்கை

பக்கவாதத்துக்கு மூளையில் ஏற்படும் இரத்தக்கசிவு காரணமாகலாம் என்பதைப் பிணக்கூறாய்வின் மூலம் காட்டியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர். அவருடைய நூல் 1658-இல் வெளிவந்தது. பாரிஸில் பால் புரோக்கா 1861-இல், பேச்சிழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அதனால் உறுதிப்பட்டது. நோயைப் புரிந்துகொள்ள இது பேருதவி புரிந்தது. ஆனால் இதே கண்டுபிடிப்பு நோயாளிக்கு ஒரு கெட்ட செய்தியாகவும் அமைந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூளையில் ஓர் இடம் என்றால், அந்த இடம் அழிந்தபின் அந்த வேலை எப்படித் திரும்பும்?

நரம்பணுக்களின் அமைப்பை ஆராய்ந்து 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹாலும், வளர்ந்த மனிதரின் மூளை நரம்புப் பாதைகள் நிலைபெற்றுவிட்டவை, அவை மீண்டும் வளர்வதில்லை என்றே எழுதினார். இக்கருத்து பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்தது. பக்கவாதம் வந்தவருக்கு ஓய்வு, எண்ணெய்த் தடவல், ஊன்றுகோல் என்பதே பொது நடைமுறையாக இருந்தது.

இதற்கு எதிராக ஒரு குரல் வெகு முன்னதாகவே எழுந்தது. அமெரிக்க உளவியலாளர் ஷெப்பர்டு ஐவரி ஃபிரான்ஸ், பல ஆண்டுகளுக்கு முன் செயலிழந்த கைகளும் பயிற்சியால் ஓரளவு மீள்கின்றன என்று 1915-இல் தம் சகாக்களுடன் எழுதினார். 1917-இல் ராபர்ட் ஆக்டனுடன் சேர்ந்து குரங்குகளில் சோதனை செய்தார். மூளையின் இயக்கப் பகுதி சேதமாக்கப்பட்ட குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, செயலிழந்த கையைப் பயன்படுத்த வைத்தபோது அந்தக் கை விரைவாகத் தேறியது. அப்படியே விட்டுவிடப்பட்ட குரங்குகளிடம் இந்த முன்னேற்றம் இல்லை. பின்னாளில் இத்துறையை மாற்றியமைத்த கருத்து முழுவதும் இந்தச் சோதனையில் இருக்கிறது. ஆனாலும் அது அறுபது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

கைகளின் காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. பெர்லினிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த பெர்த்தா போபாத், அவருடைய கணவர் கார்ல் போபாத் ஆகிய இருவரும் 1940களில் உருவாக்கிய முறை உலகெங்கும் பரவியது. பக்கவாதம் வந்த கை விறைத்து மடங்கிக்கொள்வதை, சரியான நிலையில் உடலை வைத்து, சிகிச்சையாளர் தம் கைகளால் வழிநடத்தித் தளர்த்தலாம் என்று பெர்த்தா போபாத் கண்டார். நோயாளி தாமாகவே முரட்டு முயற்சி செய்தால் தசை இறுக்கம் கூடிவிடும் என்ற எச்சரிக்கையும் அம்முறையில் இருந்தது. பெரியவர்களின் பக்கவாதம் குறித்த அவருடைய நூல் 1970-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரம், முடங்கிய கை படிப்படியாக மீளும் நிலைகளை வகைப்படுத்தி நூல் எழுதினார். அந்த நிலைகளை அடிப்படையாகக் கொண்டு 1975-இல் சுவீடனில் உருவானதே ஃபூகல்-மேயர் அளவீடு. கையின் ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் தந்து, மொத்தம் 66-க்குக் கணக்கிடும் இந்த முறை இன்றும் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் பயன்படுகிறது.

இம்முறைகள் ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்த தலைமுறை அது. ஆனால் இவற்றின் மையத்தில் இருந்தது தொடும் கை. தொட்டு, தாங்கி, வழிநடத்தும் கையைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்ப முடியாது. மேலும் நோயாளி தனியாகச் செய்தால் கெட்டுப்போகும் என்று கருதப்பட்ட ஒரு பயிற்சியை வீட்டில் செய்யச் சொல்வதற்கு எந்தச் சிகிச்சையாளரும் துணியமாட்டார்.

ஒரு நடிகையின் வீடு

மருத்துவ உலகுக்கு வெளியே, ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் நிகழ்ந்த முயற்சி இவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அமெரிக்கத் திரைப்பட நடிகை பாட்ரீசியா நீல், ஆஸ்கர் விருது பெற்ற மறு ஆண்டு, 1965 பிப்ரவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மூளை இரத்தக்குழாய் வெடித்து மயங்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 39, கருவுற்றிருந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது. பொருள்களின் பெயர்கள் நினைவில் இல்லை.

அவருடைய கணவர், சிறுவர் எழுத்தாளர் ரோல்டு டால், மனைவியை இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்துக்கு அழைத்துவந்தார. மருத்துவ அமைப்பு தரக்கூடிய பயிற்சி நேரம் போதாது என்று கருதிய அவர், அக்கம்பக்கத்தவர்களையும் நண்பர்களையும் திரட்டினார். ஒருவர் மாற்றி ஒருவராக ஆளுக்குச் சிறிது நேரம் என, ஒரு நாளில் ஆறு மணி நேரம் வரை படிப்பு, எழுத்து, பெயர் சொல்லல், புதிர்கள் என்று பயிற்சி நடந்தது. அந்த ஆகஸ்டில் அவருக்கு நலமாகப் பெண் குழந்தை பிறந்தது. 1968-இல் மீண்டும் திரைப்படத்தில் நடித்து, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

டாலின் கண்டிப்பு கொடுமையானது என்று அன்றே சிலர் கூறினர். சோர்ந்துபோன ஒருவரை ஓயவிடாமல் வேலை வாங்குவது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவும் முடியாது. நீல் இளவயதினர், வசதி படைத்தவர் என்பதையும் மறக்கக்கூடாது. எனினும் அந்த வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரான வாலரி ஈட்டன் கிரிஃபித், மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத பெண்மணி, இந்த அனுபவத்தை முறைப்படுத்தி 1970-இல் ஒரு கையேடு எழுதினார். 1973-இல் பிரித்தானியாவில் பேச்சிழந்தவர்களின் வீடுகளுக்குத் தொண்டர்கள் சென்று பயிற்சி தரும் திட்டம் அவர் முயற்சியால் தொடங்கியது. மருத்துவமனைக்கு வெளியே, நிபுணர் அருகில் இல்லாத நேரங்களில் நடக்கும் பயிற்சிக்கும் மதிப்பு உண்டு என்பதை இத்திட்டம் காட்டியது. தொலைவழிச் சிகிச்சை பின்னாளில் ஊன்றி நின்றது இந்தக் கருத்தின் மேல்தான்.

கட்டப்பட்ட நல்ல கை

ஃபிரான்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப். குரங்கின் ஒரு கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை அவர் துண்டித்தபோது, இயக்க நரம்புகள் நன்றாக இருந்தும் அக்குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவிட்டால் பயன்படுத்தியது. தொடக்கத்தில் முயன்று தோற்ற குரங்கு, 'இந்தக் கை உதவாது' என்று கற்றுக்கொண்டுவிடுகிறது. பின்னர் கை மீண்டாலும் கற்றது மறப்பதில்லை என்று டாப் விளக்கினார். பக்கவாத நோயாளிகளிடமும் இதுவே நடக்கிறது என்பது அவருடைய ஊகம்.

இந்த ஆராய்ச்சி பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் குரங்குகள் மோசமான நிலையில் வைக்கப்பட்டிருந்ததாக விலங்குரிமை அமைப்பினர் புகார் அளித்ததன்பேரில், 1981 செப்டம்பரில் காவல்துறை 17 குரங்குகளைக் கைப்பற்றியது. டாப் மீது வழக்கு நடந்தது. அவருக்கு எதிரான தீர்ப்பு 1983-இல் மேல்முறையீட்டில் நீங்கியது. அமெரிக்காவில் ஆய்வக விலங்குகளுக்கான சட்டப் பாதுகாப்பு வலுப்பட அவ்வழக்கு ஒரு காரணம். அந்தக் குரங்குகளில் சிலவற்றை 1991-இல் ஆராய்ந்தபோது, உணர்வற்ற கைக்குரிய மூளைப்பகுதியை முகத்துக்குரிய பகுதி ஆக்கிரமித்திருந்தது தெரியவந்தது. வளர்ந்த மூளையும் மாறுகிறது என்பதற்கு அது வலுவான சான்று. இன்று கோடிக்கணக்கானோருக்குப் பயன்படும் அறிவு எந்த விலையில் வந்தது என்பது விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது.

1986-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற டாப், தம் கருத்தை மனிதர்களிடம் சோதித்தார். நல்ல கைக்குத் தடித்த கையுறை மாட்டிவிட்டு, செயலிழந்த கையால் நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்யவைப்பதே அவர் முறை. ராண்டால்ஃப் நூடோவின் குழு 1996-இல் அணில்குரங்குகளில் செய்த சோதனை, சேதமடைந்த பகுதிக்கு அருகிலுள்ள மூளைப்பரப்பு பயிற்சியின் விளைவாகக் கையின் வேலையைக் காத்துக்கொள்வதைக் காட்டியது. இறுதியாக, அமெரிக்காவின் ஏழு மையங்களில் 222 நோயாளிகளைக் கொண்டு ஸ்டீவன் வுல்ஃப் தலைமையில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. இரண்டு வாரக் கையுறைப் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களின் கையைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. அந்த மேம்பாடு ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது.

பயிற்சியின் அளவே முக்கியம் என்று தெரிந்ததும், நடைமுறையில் எவ்வளவு பயிற்சி கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். விடை அதிர்ச்சி தந்தது. கேத்தரின் லாங் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, கைக்கான பயனுள்ள அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 மட்டுமே. விலங்குச் சோதனைகளில் குரங்குகள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அசைத்தன. இதற்கு முன்பே, 2004-இல் ஜூலி பெர்ன்ஹார்ட் மெல்பர்னின் ஐந்து மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகளின் பகல்பொழுதைக் கணக்கெடுத்திருந்தார். பாதிக்கு மேற்பட்ட நேரம் அவர்கள் படுக்கையில் இருந்தனர். 60 விழுக்காட்டு நேரம் தனியாக இருந்தனர். அனைத்து வசதிகளும் உள்ள நாட்டின் மருத்துவமனைகளில் நிலை இது.

கம்பியும் திரையும்

தொலைமருத்துவத்தின் தொடக்கம் வேறொரு பாதையில் நிகழ்ந்தது. 1959-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மனநல மருத்துவர்கள் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1968-இல் பாஸ்டனின் லோகன் விமான நிலையத்திலிருந்த சிறு மருத்துவ நிலையத்தை, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையுடன் நுண்ணலைத் தொலைக்காட்சி வழியே மருத்துவர் கென்னத் பேர்டு இணைத்தார். நோயறிதலுக்கும் ஆலோசனைக்கும் இவை பயன்பட்டன.

மறுவாழ்வுத் துறையில் முதலில் கம்பி வழியே சென்றது பேச்சுப் பயிற்சி. இது இயல்பானதே, பேச்சுக்குத் தொடுதல் தேவையில்லை. 1970களில் பர்மிங்காமிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் குவெனித் வான், தொலைவில் வாழும் பேச்சிழந்த படைவீரர்களுக்குத் தொலைபேசி வழியே பயிற்சி தந்தார். பின்னாளில் டாப் பணியாற்றவந்ததும் இதே ஊர் என்பது தற்செயலே.

'தொலைவழி மறுவாழ்வு' என்ற பெயர் 1990களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. 1998-இல் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் இதற்கெனத் தனி ஆராய்ச்சி மையம் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டேவிட் ரைன்கன்ஸ்மையர் குழுவினர் 2002-இல் 'ஜாவா தெரபி' என்ற இணையதளத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். கடைகளில் கிடைக்கும் விளையாட்டு ஜாய்ஸ்டிக்கைக் கணினியில் பொருத்தி, நோயாளி வீட்டிலேயே எளிய விளையாட்டுகளை ஆடலாம். முன்னேற்றம் தளத்தில் பதிவாகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பல இலட்சம் மதிப்புள்ள ரோபோக் கைகள் மருத்துவமனைக்கென உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், இது எளியவர் வீட்டுக்கென எழுந்த எண்ணம்.

ஐரோப்பாவில் வெனிஸ் நகரின் லீடோ தீவிலுள்ள சான் கமில்லோ மருத்துவமனை முன்னோடியாக விளங்கியது. லம்பெர்த்தோ பிரோன் குழுவினர் நோயாளிகளின் வீடுகளில் கணினியையும் அசைவை அறியும் உணரியையும் பொருத்தினர். நோயாளி ஒரு பொருளைக் கையில் பிடித்து நகர்த்தினால், திரையில் தோன்றும் பொருளும் நகரும். சிகிச்சையாளர் மருத்துவமனையிலிருந்து காணொலியில் பார்த்துத் திருத்துவார். 36 பேரைக் கொண்ட அவர்களது ஒப்பீட்டு ஆய்வு 2009-இல் வெளியானது. வீட்டிலிருந்தவர்களின் கை, நேரில் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை.

ஹாங்காங்கில் 2004-இல் வெளியான முயற்சி வேறுவகை. அங்கே வீட்டுக்குப் பதிலாக, முதியோர் கூடும் சமூக மையம் ஒன்றில் 21 பக்கவாத நோயாளிகள் வாரம் ஒருமுறை ஒன்றுகூடினர். இயன்முறைச் சிகிச்சையாளர் திரையில் தோன்றி எட்டு வாரம் பயிற்சியும் அறிவுரையும் தந்தார். கருவிகள் எளியவை, எண்ணிக்கை சிறியது. எனினும் பங்கேற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தனர். பெர்ன்ஹார்ட் கணக்கிட்ட அந்த 60 விழுக்காட்டுத் தனிமையை எண்ணிப் பார்த்தால், வெனிஸின் உணரிகளைவிட ஹாங்காங்கின் இந்த ஏற்பாடே ஏழை நாடுகள் முதலில் பின்பற்றியிருக்க வேண்டியது என்று தோன்றும். ஆனால் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் தனி வீட்டில், தனி நோயாளி, தனித் திரை என்ற வழியிலேயே சென்றன.

விளையாட்டுக் கருவிகளின் வருகையும் மறைவும்

2006-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' கருவியும், 2010-இல் மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' கருவியும் சந்தைக்கு வந்தன. உடலசைவை அறியும் கருவி பொம்மை விலையில் கிடைத்ததும் மறுவாழ்வுத் துறையில் பெரும் உற்சாகம் உண்டாயிற்று. ஆனால் கனடாவின் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நான்கு நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 'வீ' ஆடியவர்களும் சீட்டு, பிங்கோ போன்றவற்றை ஆடியவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள் என்று 2016-இல் அறிவித்தது. இரு குழுவும் ஒரே அளவு நேரம் கையைப் பயன்படுத்தியிருந்தன. திரையில் மந்திரம் ஏதுமில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. சீட்டுக்கட்டும் கைக்குப் பயிற்சியே.

'கினெக்ட்' கருவிக்கு வேறு விதமான முடிவு. அதன் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டது. அக்கருவியை நம்பிப் பல ஆண்டுகள் உழைத்து மறுவாழ்வு மென்பொருள் எழுதிய குழுக்கள் புதிய கருவியைத் தேடவேண்டியதாயிற்று. விளையாட்டுச் சந்தையின் ஆயுளும் பக்கவாதம் வந்தவரின் தேவையும் ஒரே காலக்கணக்கில் ஓடுவதில்லை.

பேச்சுப் பயிற்சியிலும் இதுபோன்ற ஒரு பாடம் கிடைத்தது. பிரித்தானியாவில் ரெபேக்கா பாமர் தலைமையில் 278 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. வீட்டில் கணினி மென்பொருளைக் கொண்டு தாமே பயின்றவர்கள், பயின்ற சொற்களை நன்றாகச் சொல்லக் கற்றனர். ஆனால் உரையாடலில் முன்னேற்றம் காணப்படவில்லை. 'தண்ணீர்' என்ற சொல்லைப் படத்தைப் பார்த்துச் சொல்வது வேறு, தாகம் எடுக்கும்போது மனைவியிடம் கேட்பது வேறு.

2019 ஆய்வு

தொலைவழிச் சிகிச்சை நேர்ச் சிகிச்சைக்கு ஈடாகுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்தவர் ஸ்டீவன் கிரேமர். அவர் தலைமையில் அமெரிக்காவின் 11 மையங்களில் 124 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு 2019-இல் வெளியானது. பக்கவாதம் வந்து 4 முதல் 36 வாரம் ஆனவர்கள், கையில் ஓரளவு அசைவு எஞ்சியிருந்தவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு குழு மருத்துவ மையத்துக்கு வந்தது. மற்றொரு குழுவின் வீட்டில் கணினியும், அழுத்தவும் திருப்பவும் பிடிக்கவும் ஏற்ற 12 வகை விளையாட்டுக் கருவிகளும் மேசையோடு நிறுவப்பட்டன. இரு குழுவுக்கும் பயிற்சியின் அளவு ஒன்றே: 6 முதல் 8 வாரத்தில் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிடம். அவற்றில் பாதி சிகிச்சையாளரின் மேற்பார்வையில், பாதி தனியாக.

ஃபூகல்-மேயர் அளவீட்டில் மையத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 8.4 மதிப்பெண்ணும் வீட்டிலிருந்தவர்கள் 7.9 மதிப்பெண்ணும் முன்னேறினர். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. இந்த முடிவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் குழுவுக்கும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் 18 அமர்வுகளில் திரையில் இருந்தார். மாறியது இடம், ஆளோ அளவோ மாறவில்லை. 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை, மொத்தம் 1,937 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தொலைவழிச் சிகிச்சை நேர்ச் சிகிச்சைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், சான்றுகளின் வலு இன்னும் போதாது என்றும் அது கூறியது.

இத்தனைக்குப் பின்னும் 2020 வரை அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், இயன்முறைச் சிகிச்சையாளர் காணொலியில் தரும் சிகிச்சைக்குப் பணம் தரவில்லை. ஒரு மாநில உரிமம் பெற்றவர் அடுத்த மாநில நோயாளிக்குத் திரை வழியே சிகிச்சை தரவும் சட்டத் தடை இருந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் இறுதியில்தான் மெடிகேர் கதவைத் திறந்தது. இருபது ஆண்டு ஆராய்ச்சி அசைக்காத விதியைச் சில வார முடக்கம் அசைத்துவிட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் இக்கேள்வி வேறு உருவில் எழுந்தது. இங்கே பெரும்பாலான நோயாளிகள் சில நாள்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். கவனிப்பு முழுவதும் மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் பொறுப்பாகிறது. அப்படியென்றால் அவர்களுக்கே பயிற்சி தந்தால் என்ன? லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன், ஆஸ்திரேலியாவின் ரிச்சர்டு லிண்ட்லி உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு இதைச் சோதித்தது. குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தரப்பட்டு, வீட்டிலும் தொடரப்பட்டது. 2017-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் 47 விழுக்காடுதான்.

குடும்பத்தினரின் அன்பு பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. சமையல், கூலி வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவே ஒருவர் எத்தனை முறை நோயாளியின் கையை அசைக்க வைக்க முடியும் என்பதே இதில் கேட்கவேண்டிய கேள்வி. கிரேட் மிஸ்ஸெண்டனில் ஆறு மணி நேரத்தை ஊரே பங்கிட்டுக்கொண்டது. இங்கே ஒரு பெண்ணின் தலையில் அது விழுகிறது. நிபுணரின் பணியைச் சம்பளமில்லாத ஒருவரிடம் ஒப்படைப்பதை மலிவான மாற்றுவழி என்று கருதிய சிந்தனைக்கு இந்த ஆய்வு தடை போட்டது.

அதே காலத்தில் சென்னையில் சுரேஷ்குமார் கமலக்கண்ணன் தலைமையிலான குழு, பக்கவாதம் வந்தவர்களும் அவர்களைக் கவனிப்பவர்களும் ஸ்மார்ட்போனில் பார்த்துப் பயிலும் காணொலிகளை உருவாக்கிச் சிறிய அளவில் சோதித்தது. 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை பதிவுபெற்ற அலோபதி மருத்துவர்களுக்கானவை. இயன்முறைச் சிகிச்சையாளர்கள் அவற்றில் அடங்கவில்லை. இவர்களை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆணையத்துக்கான சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையாளர் நோயாளியின் வீட்டுக்கே நேரில் செல்கிறார். திரையின்றித் தூரத்தைக் குறைக்கும் வழி இது. ஒரு வட்டாரத்தின் பல ஊர்களுக்கும் செல்லவேண்டிய ஒருவர் அதே வீட்டுக்கு மீண்டும் வர நாள்கள் ஆகும். அந்த இடைவெளியில் பல சிகிச்சையாளர்கள் கைகொள்வது வாட்ஸ்அப்பை. நோயாளி கையை உயர்த்துவதை மகன் படமெடுத்து அனுப்ப, தோளைத் தூக்காமல் முழங்கையை நீட்டச் சொல்லிக் குரல்பதிவு ஒன்று திரும்பி வருகிறது.